எதிரியே இல்லாத கடலில் ஒன்பது உயிர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. முதலில் வரலாறு, மருத்துவம் கடைசியில்தான் வரும். பொறுமையாகப் படிங்க.

2020 ஜூலை 30. அமெரிக்காவின் கலிஃபோர்னியா கரைக்கு அப்பால் இருக்கும் சான் கிளமென்ட்டே தீவு.

மரைன் படை வீரர்கள் கடலிலிருந்து கரையைத் தாக்கும் பயிற்சியை முடித்துவிட்டு, நின்றிருந்த கப்பலுக்குத் திரும்புகிறார்கள். நிலத்திலும் ஓடும், நீரிலும் மிதக்கும் கவச வண்டியில் பயணம். சுருக்கமாக "ஏஏவி" என்பார்கள். பார்க்க பீரங்கி வண்டி மாதிரியே இருக்கும். எடை இருபது டன்னுக்கு மேல்.

ஒரு வண்டிக்குள் 16 பேர். வழியில் உள்ளே தண்ணீர் ஏற ஆரம்பித்தது. கடைசியில் வண்டி ஏறத்தாழ 385 அடி ஆழத்துக்குப் போய்விட்டது.

இறந்தவர்கள் 9 பேர். எல்லோருமே 18 முதல் 23 வயதுக்குள்.

அதில் எட்டுப் பேர் மரைன்கள். ஒன்பதாவது பையன் கடற்படையின் மருத்துவ உதவியாளர். மரைன் படைக்குத் தனியாக மருத்துவப் பிரிவு கிடையாது. காயம்பட்டவர்களைப் பார்க்கக் கடற்படைதான் ஆள் அனுப்பும். "கார்ப்ஸ்மேன்" என்று பெயர். மற்றவர்களுக்கு அடிபட்டால் காப்பாற்றுவதற்காகக் கூடவே போனவர் அவர்.

அன்று அங்கே போர் இல்லை. எதிரி இல்லை. ஒரு குண்டுகூட அவர்களை நோக்கி வரவில்லை.

அப்புறம் எப்படி?

இதைப் புரிந்துகொள்ள, இந்த மாதிரி வண்டி எப்படிப் பிறந்தது என்று பார்க்கணும். ஏன்னா, இது பிறந்ததே உயிரைக் காப்பாற்றத்தான்.

1928-ல் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஒரு பெரும் புயல். ஒக்கீச்சோபி ஏரியின் கரை உடைந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சதுப்பு நிலம். படகில் போனால் சேற்றில் தட்டி நிற்கும். காரில் போனால் தண்ணீரில் மூழ்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மக்களிடம் யாராலும் போய்ச் சேர முடியவில்லை.

புரூக்ளின் பாலத்தைக் கட்டிய ரோப்ளிங் குடும்பத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் குடும்பத்து வாரிசு டொனால்ட் ரோப்ளிங். படகு தட்டி நிற்கிற இடத்துக்கும் கார் மூழ்குகிற இடத்துக்கும் நடுவில் போக ஒரு வண்டி செய்யலாமே என்று அவருடைய அப்பா சொன்னார். மகன் களத்தில் இறங்கினார்.

1935-ல் முதல் வண்டி தயார். பெயர் "அலிகேட்டர்", அதாவது முதலை. சக்கரத்துக்குப் பதிலாகச் சங்கிலிப் பட்டை. அந்தப் பட்டையில் பொருத்திய தகடுகள் தரையில் பிடிமானம் கொடுக்கும், தண்ணீரில் துடுப்பு மாதிரி தள்ளும். எளிய யோசனை, அபாரமான யோசனை!

1937-ல் "லைஃப்" பத்திரிகையில் அதன் படம் வந்தது. ஒரு கடற்படை அதிகாரி அதைப் பார்த்துவிட்டு மரைன் படைத் தளபதி ஒருவரிடம் காட்டினார். மரைன்கள் அப்போது ஒரு பெரிய கேள்வியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

கேள்வி இதுதான். எதிரி கரையில் துப்பாக்கியோடு காத்திருக்கும்போது, கடலிலிருந்து போய் இறங்க முடியுமா?

முதல் உலகப் போரில் 1915-ல் கலிப்பொலியில் பிரிட்டனும் கூட்டாளிகளும் முயன்று பெரும் இழப்போடு திரும்பியிருந்தார்கள். "இது ஆகாத காரியம்" என்று பலர் முடிவே கட்டிவிட்டார்கள். மரைன்கள் மட்டும் விடவில்லை. 1934-ல் இதற்கென்று ஒரு கையேடு எழுதினார்கள். கரீபியன் கடலில் குலேப்ரா தீவில் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தார்கள். அப்படித் தேடிக்கொண்டிருந்தவர்கள் கண்ணில்தான் இந்த முதலை பட்டது. 1941-லிருந்து படைக்காகத் தயாராக ஆரம்பித்தது.

ஆரம்பத்தில் அதைச் சாமான் ஏற்றும் வண்டியாகத்தான் நினைத்தார்கள். அந்த நினைப்பை மாற்றிய இடம் தராவா.

பசிபிக் பெருங்கடலில், இன்றைய கிரிபாட்டி நாட்டில் இருக்கிறது. 1943 நவம்பர் 20 அன்று தராவாவின் பெட்டியோ தீவில் மரைன்கள் இறங்கினார்கள். தீவைச் சுற்றிப் பவளப்பாறை. சாதாரணத் தரையிறங்கு படகு மிதக்கக் கிட்டத்தட்ட 4 அடி தண்ணீர் வேண்டும். அன்று கடலேற்றம் மிகக் குறைவு. பாறை மேல் 3 அடி தண்ணீர்தான். ஏற்றம் இப்படிக் காலை வாரும் என்று அந்தத் தீவுகளில் வாழ்ந்த ஒருவர் முன்பே எச்சரித்தும் இருந்தார்.

முதல் மூன்று அலைகளாகப் போன முதலை வண்டிகள் பாறை மேல் ஊர்ந்து ஏறிக் கரைக்குப் போய்விட்டன. பின்னால் படகில் வந்தவர்கள் பாறையில் தட்டி நின்றார்கள். இறங்கி நடப்பதைத் தவிர வழியில்லை. மார்பளவு தண்ணீரில், துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, இயந்திரத் துப்பாக்கிகளுக்கு நேர் எதிரே அரை கிலோமீட்டர் நடந்தார்கள்.

76 மணி நேரச் சண்டை. அமெரிக்கத் தரப்பில் சுமார் ஆயிரம் பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேல் காயம். ஜப்பான் தரப்பில் நாலாயிரத்துக்கும் அதிகமானோர் இருந்த தீவில் உயிரோடு பிடிபட்ட ஜப்பானிய வீரர்கள் வெறும் 17 பேர். அவர்களோடு கொரியத் தொழிலாளர்கள் 129 பேர். அந்தத் தொழிலாளர்கள் யாருடைய போருக்கும் சொந்தக்காரர்கள் இல்லை என்பதையும் இங்கே சொல்லணும்.

போன 125 முதலை வண்டிகளில் 90 அளவுக்கு அழிந்தன. ஆனாலும் அவை இல்லாவிட்டால் கரையைத் தொட்டிருக்கவே முடியாது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

அதற்குப் பிறகு மரைன்களும் கடற்படையும் செய்ததுதான் முக்கியம். நடந்ததைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். ஹவாயில் கஹோலாவே தீவில் ஜப்பானியக் கோட்டைகளைப் போலவே கட்டி, கப்பலிலிருந்து சுட்டுப் பழகினார்கள். கரைக்கு முன்னால் நீந்திப் போய் ஆழத்தையும் தடைகளையும் பார்த்துவர நீச்சல் படைகளை உருவாக்கினார்கள்.

ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு "ஏன்" கேட்டு, அந்த விடையைப் பயிற்சிக்குள் கொண்டுவந்தார்கள்.

சரி, பயிற்சியே உயிரை வாங்கினால்? அதற்கும் ஒரு பழைய உதாரணம் உண்டு. இது மரைன்கள் கதை இல்லை, அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் செய்தது.

1944 ஏப்ரல். நார்மண்டி படையெடுப்புக்கு ஆறு வாரம்கூட இல்லை. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஸ்லாப்டன் சாண்ட்ஸ் கடற்கரை. பிரான்ஸில் இறங்கப் போகிற "யூட்டா" கடற்கரை மாதிரியே இருக்கும். சுற்றுவட்டாரத்து மக்கள் சுமார் 3000 பேரைக் காலி செய்ய வைத்து ஒத்திகை நடத்தினார்கள். பெயர் "எக்ஸர்சைஸ் டைகர்".

ஏப்ரல் 28 அதிகாலை, இருட்டு. எட்டுப் பெரிய தரையிறங்கு கப்பல்கள் வரிசையாக வருகின்றன. ஜெர்மன் வேகப் படகுகள் மோப்பம் பிடித்து வந்துவிட்டன. இரண்டு கப்பல்கள் மூழ்கின. இன்னொன்று சேதத்தோடு தப்பியது. இறந்தவர்கள் 749 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

இங்கே எதிரி இருந்தான், உண்மை. ஆனால் எதிரியின் வேலையைச் சுலபமாக்கிய விஷயங்களைப் பாருங்க.

ஒன்று, காவலுக்கு வரவேண்டிய இரண்டு போர்க்கப்பல்களில் ஒன்று பழுதாகித் துறைமுகத்தில் நின்றது. அதற்கு மாற்று நேரத்துக்கு வரவில்லை.

இரண்டு, உத்தரவுத் தாளில் எழுத்துப் பிழை. கப்பல்கள் ஒரு ரேடியோ அலைவரிசையில், கரையில் இருந்த பிரிட்டிஷ் தலைமையகம் வேறொரு அலைவரிசையில். எச்சரிக்கை போய்ச் சேரவில்லை.

மூன்றாவதுதான் ஒரு மருத்துவராக என்னை ரொம்ப உலுக்கியது. வீரர்களிடம் மிதவை பெல்ட் இருந்தது. அதை அக்குளுக்குக் கீழே கட்டணும். முதுகில் மூட்டை இருந்ததால் பலர் இடுப்பில் கட்டியிருந்தார்கள். சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. காற்று நிரம்பியதும் இடுப்பு மேலே மிதந்தது, முதுகுச் சுமையோடு தலை கீழே போனது. காப்பாற்ற வேண்டிய பெல்ட்டே ஆளைத் தலைகீழாகப் பிடித்து வைத்துக்கொண்டது.

இன்னொன்றும் உண்டு. பிழைத்தவர்களை ஷெர்போர்ன் என்ற ஊரில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். படையெடுப்பு ரகசியம் வெளியே போய்விடக் கூடாது. அதனால் மருத்துவர்களுக்கு ஓர் உத்தரவு: சிகிச்சை கொடு, எதுவும் கேட்காதே. அங்கே பணியாற்றிய ரால்ஃப் கிரீன் என்ற மருத்துவர் பல ஆண்டுகள் கழித்து இதை எழுதினார்.

மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவது "ஹிஸ்டரி எடு". என்ன நடந்தது, எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன? நோயாளியிடம் கேட்காமல் சிகிச்சை ஆரம்பிக்க முடியாது. அன்று அந்த மருத்துவர்களுக்கு ஹிஸ்டரி கேட்கவே தடை!

ஆனாலும் படைக்குள்ளே பாடம் எடுத்துக்கொண்டார்கள். ரேடியோ அலைவரிசையை ஒன்றாக்கினார்கள். மிதவை பெல்ட் கட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்கவென்றே சிறு படகுகளை ஏற்பாடு செய்தார்கள். ஜூன் 6 அன்று யூட்டா கடற்கரையில் இறங்கிய டிவிஷனில் அன்றைய இழப்பு, காயம்பட்டவர்களையும் சேர்த்து, சுமார் 200 பேர்தான். ஒத்திகையில் போன உயிர்கள் அதைவிடப் பல மடங்கு.

இந்த மூன்று பாடங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்க. தகவல் தொடர்பு. உயிர்காக்கும் பயிற்சி. பக்கத்தில் மீட்புப் படகு.

இப்போது 76 வருடம் கழித்து மறுபடி சான் கிளமென்ட்டே தீவுக்கு வருவோம்.

ஏஏவி என்பது அந்த முதலையின் வழிவந்த வண்டிதான். 1970-களின் தொடக்கத்தில் வந்த வடிவம். அதாவது அதில் போன பையன்களின் அப்பாக்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்து வண்டி. பழைய வண்டி என்பதே குற்றம் இல்லை. ஒழுங்காகப் பராமரித்தால் ஓடும். 2005-ல் கத்ரீனா புயலின்போது மிசிசிப்பி மாநிலத்தில் வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்க இதே வகை வண்டிகள் போயின. ரோப்ளிங் எதற்காகச் செய்தாரோ, அதே வேலை.

2020-ல் நடந்ததை ராணுவமே விசாரித்து அறிக்கை வெளியிட்டது. அதன் சாரம் இது.

அந்தப் பிரிவுக்குக் கொடுத்த வண்டிகளே மோசமான நிலையில் இருந்தன. மூழ்கிய வண்டியில் தண்ணீர் ஒரே ஓட்டை வழியாக வரவில்லை, பல இடங்களிலிருந்து கசிந்தது. கியர் பெட்டியின் எண்ணெய் ஒழுகி அது செயலிழந்தது. ஜெனரேட்டரும் கைவிட்டது. உள்ளே சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்புகளால் ஈடுகொடுக்க முடியவில்லை.

தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்ததுமே எல்லோரையும் வெளியேற்ற வேண்டும் என்பது விதி. அதைத் தாண்டியும் உத்தரவு வரவில்லை. தண்ணீர் ஏறத் தொடங்கி மூழ்குவதற்குள் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் இருந்தது. முக்கால் மணி நேரம்!

வண்டி மேலே ஆபத்துக் கொடியைக் காட்டினார்கள். உதவி சீக்கிரம் வரவில்லை. தனியாகப் பாதுகாப்புப் படகு எதுவும் அப்போது தண்ணீரில் இல்லை. இன்னொரு ஏஏவி உதவிக்கு வந்தபோது அது இதன்மேல் மோதியது. வண்டி அலைக்குப் பக்கவாட்டில் திரும்ப, திறந்திருந்த மேல்மூடி வழியாக ஓர் அலை உள்ளே கொட்டியது. அவ்வளவுதான்.

உள்ளே அவசர விளக்கு எரியவில்லை. செல்போன் வெளிச்சத்தில் மூடியின் கைப்பிடியைத் தேடினார்கள். மூழ்கும் வண்டியிலிருந்து வெளியேறும் பயிற்சியை அவர்களில் பலர் முடிக்கவே இல்லை.

தகவல் தொடர்பு. உயிர்காக்கும் பயிற்சி. மீட்புப் படகு. 1944-ல் 749 உயிர்களைக் கொடுத்துக் கற்ற அதே மூன்று பாடங்கள்!

அறிக்கையின் முடிவு: இது தடுத்திருக்கக்கூடிய விபத்து.

இப்போது கொஞ்சம் மருத்துவம்.

திடீரென்று தண்ணீருக்குள் மாட்டும் மனிதனுக்கு என்ன ஆகும்? சாதாரணமாக ஒரு நிமிடம் மூச்சடக்குபவர்கூட பயத்திலும் குளிரிலும் அதில் பாதி நேரம் தாங்குவதே கஷ்டம். கண் தெரியாது. வண்டி சாயும்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு குழம்பி, மேல் எது கீழ் எது என்றே புரியாது. கவச உடையும் தலைக்கவசமும் அழுத்தும். அந்த நேரத்தில் மூளை புதிதாக எதையும் யோசிக்காது. உடம்பு ஏற்கெனவே பழகியதை மட்டும் செய்யும்.

அதனால்தான் அந்தப் பயிற்சியை நீச்சல் குளத்தில் கொடுக்கிறார்கள். வண்டியின் உட்புறம் மாதிரி ஒரு கூண்டில் உட்கார வைத்து முக்குவார்கள். நிலையான ஒன்றை ஒரு கையால் பிடி. அசைவு நிற்கும்வரை பொறு. பிறகு பெல்ட்டை அவிழ். பிடித்த இடத்தை அடையாளமாக வைத்து வழியைத் தேடு. கேட்க ரொம்ப சுலபம். ஆனால் கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழகியிருந்தால்தான் அந்த அரை நிமிடத்தில் உதவும்.

பொம்மையின் நெஞ்சில் அழுத்தி சிபிஆர் பழகாதவர், நிஜ நோயாளி முன்னால் கை நடுங்கி நிற்பதும் இதனால்தான்.

ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் விபத்துகளைப் பற்றி ஒன்று சொன்னார். ஒவ்வொரு பாதுகாப்பு ஏற்பாடும் ஓட்டைகள் உள்ள ஒரு சீஸ் துண்டு. ஒன்றின் ஓட்டையை அடுத்த துண்டு மறைத்துவிடும். என்றாவது ஒருநாள் எல்லா ஓட்டைகளும் நேர்க்கோட்டில் வந்து நின்றால் விபத்து உள்ளே நுழைந்துவிடும். அந்த வண்டியை இப்படிப் பாருங்க. கசிவு மட்டும் என்றால் பம்பு காப்பாற்றியிருக்கும். பம்பும் போனால் நேரத்துக்கு வந்த உத்தரவு காப்பாற்றியிருக்கும். உத்தரவும் இல்லையென்றால் பாதுகாப்புப் படகு. அதுவும் இல்லையென்றால் பயிற்சி. அன்று எல்லா ஓட்டைகளும் ஒரே கோட்டில்.

மருத்துவமனையும் இப்படித்தான் இயங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. இவர்தான் அந்த நோயாளியா, எந்தப் பக்கம் அறுவை, என்ன அலர்ஜி என்று சத்தமாகக் கேட்கணும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் பரிசோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் இதே பட்டியலைக் கட்டாயமாக்கினார்கள். 2014-ல் வந்த ஆய்வு இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றது. காரணம் பற்றி இன்றும் விவாதம் உண்டு. என் கருத்து எளியது. தாளில் போடும் டிக் உயிரைக் காப்பாற்றாது. டிக் போடும் முன் கண்ணால் பார்த்தோமா, கையால் தொட்டோமா என்பதுதான் காப்பாற்றும்.

அவசர சிகிச்சைப் பிரிவில் தினமும் காலை ஆக்ஸிஜன் சிலிண்டரின் அளவைப் பார்ப்பதும், லாரிங்கோஸ்கோப் பல்பு எரிகிறதா என்று தட்டிப் பார்ப்பதும் சலிப்பான வேலை. 364 நாள் ஒன்றும் ஆகாது. மிச்சம் இருக்கும் ஒரு நாளுக்காகத்தான் அந்த 364 நாளும்.

அந்தப் பட்டியலைக் கேட்கும் செவிலியரை "சும்மா தொணதொணங்காதீங்க" என்று சொல்லும் டாக்டரும், கணுக்கால் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கும் வீரரும் ஒரே நோயால் பாதிக்கப்பட்டவர்கள். மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்ற நோய். தண்ணீரை முதலில் பார்ப்பது பெரும்பாலும் கீழே உட்கார்ந்திருப்பவர்தான். அவர் தைரியமாகக் கத்தணும். கத்தினால் திட்டு விழாது என்ற நம்பிக்கையைக் கொடுப்பது மேலே இருப்பவர் வேலை.

2020 விபத்துக்குப் பிறகு அதிகாரிகள் பலர் பதவியிழந்தார்கள். ஏஏவி வண்டிகளைக் கடலில் இறக்கும் பயிற்சி நிறுத்தப்பட்டது. அவற்றின் இடத்துக்கு எட்டுச் சக்கரப் புதிய வண்டிகள் வந்தன. புதிய வண்டி வந்ததோடு ஆபத்து தீர்ந்துவிடாது. அந்த அறிக்கை வெளியே வந்ததும், இறந்தவர்களின் பெற்றோர்கள் விடாமல் கேள்வி கேட்டதும்தான் பெரிய விஷயம் என்பேன். 1944-ல் கேட்கக் கூடாது என்று தடுத்த ஹிஸ்டரியை இந்த முறை எல்லோர் முன்னிலையிலும் எடுத்தார்கள்.

நமக்கு என்ன பாடம்?

படகு சவாரி போனால் லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் மாட்டி விட்டுவிடாதீங்க. எல்லா பக்கிளையும் போட்டு இழுத்துப் பாருங்க. குழந்தைக்குக் குழந்தை அளவு கேளுங்க. பேருந்தில் அவசர வழி எந்தப் பக்கம் என்று உட்காரும்போதே பாருங்க. அலுவலகத்தில் தீ ஒத்திகை என்றால் போட்டோ எடுத்துவிட்டுக் கலையாமல், நிஜமாகவே படியிறங்கிப் பாருங்க.

ஒத்திகையில் ஏதாவது சொதப்பினால் சந்தோஷப்படுங்க. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒத்திகை. அதை மூடி மறைத்தால், அடுத்த முறை கண்டுபிடிப்பது கடலாக இருக்கும்.

அந்த ஒன்பது இளைஞர்களுக்கும், 1944-ல் போன அந்த வீரர்களுக்கும், தராவாவில் இரு தரப்பிலும் மாண்டவர்களுக்கும் அஞ்சலி.